பிள்ளைக்கு முதற்பால்



இன்று நாம் பேச வந்திருக்கும் விஷயம் மோட்சத்தைப் பற்றியதோ நரகத்தைப் பற்றியதோ அல்ல. பிறந்த பிள்ளையின் வயிற்றைப் பற்றியதாகும். இது பெண்கள் சங்கதி, இதில் நமக்கு என்ன வேலை என்று பின்னால் நிற்கும் ஆண்கள் சிலர் எண்ணக்கூடும். பிள்ளைக்குச் சாதகம் எழுதும்போதும் காது குத்தும்போதும் முன்னே வந்து நிற்கிற தகப்பன், பிள்ளைக்கு ஆகாரம் கொடுக்கும் விஷயத்தில் மாத்திரம் பின்னே போய் ஒளிந்து கொள்வது என்ன நியாயம்? 1931-ல் சுயமரியாதை மாகாண மாநாடு நடந்த விருதுநகரில் இதைக் கூச்சமின்றிப் பேசலாம் என்றே நினைக்கிறோம்.

பிள்ளை பிறந்தவுடன் நம் வீடுகளில் முதலில் நடப்பது என்ன? சேனை வைப்பது. சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ விரலால் தொட்டு நாக்கில் வைப்பார்கள். வைத்தவருடைய குணம் பிள்ளைக்கு வரும் என்பது இதற்குச் சொல்லும் காரணம். அப்படியானால் ஊரிலுள்ள பெரிய பணக்காரரைக் கூப்பிட்டுச் சேனை வைத்துவிட்டால் நம் தெருவில் கடன்காரனே இருக்க மாட்டானே! வைத்தவரின் குணம் வருவதில்லை. அவர் விரலில் இருக்கும் அழுக்குத்தான் வருகிறது. தேனைப் பற்றி இன்னொன்றும் சொல்லுகிறோம். அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விதை, ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் குடலில் முளைத்து, கைகால்களைத் துவளச் செய்யும் விஷத்தை உண்டாக்கும். ஆகையால் ஒரு வயது முடியும் வரை தேன் கூடவே கூடாது.

கழுதைப்பால் கொடுத்தால் பிள்ளைக்குக் குரல் நன்றாக வரும் என்று ஒரு சங்குப் பாலுக்குக் காசு கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். கழுதையின் குரலை நாம் கேட்டதே இல்லையா? காய்ச்சாத அந்தப் பாலில் கிருமி இருந்தால் அது நேரே பிள்ளையின் வயிற்றுக்குத்தான் போகும்.

பிள்ளைக்கு முதலில் கொடுக்க வேண்டியது தாயின் சீம்பால் ஒன்றே. மஞ்சளாகவும் கெட்டியாகவும் இருப்பதால் அதைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டுகிறார்கள். அதைப்போன்ற அறியாமை வேறில்லை. நோயை எதிர்க்கும் சத்து அதில்தான் அதிகம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளையை மார்பில் போட வேண்டும். அறுவைப் பிரசவமானாலும், தாய்க்கு நினைவு இருந்தால், பக்கத்திலிருப்பவர்கள் தூக்கிப் பிடித்துப் பால் கொடுக்கச் செய்யலாம்.

அதன்பின் ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் தவிர வேறொன்றும் வேண்டியதில்லை. “நம் ஊர் வெயிலுக்குத் தண்ணீர் கொடுக்காவிட்டால் நாக்கு வறளாதா?” என்று பாட்டிமார்கள் கேட்கிறார்கள். தாய்ப்பாலில் 100-க்கு 88 பங்கு தண்ணீர்தான். தண்ணீர் குடிக்க வேண்டியவள் தாய். அவளுக்குப் பத்தியம் என்று தண்ணீரையும் குழம்பையும் குறைத்துவிட்டு, பால் ஊறவில்லை என்று குறை சொல்லுவது கிணற்றைத் தூர்த்துவிட்டு வாளியைத் திட்டுவது போலாகும். உரைமருந்தும் வேண்டாம், டப்பாப் பாலும் வேண்டாம். வைத்தியர் எழுதிக் கொடுத்த மருந்துக்கு மாத்திரம் இது விலக்கு.

இனி சிவகாசிப் பக்கத்துத் தாய்மார்களின் கஷ்டத்துக்கு வருவோம். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் போகிற பெண் வீட்டில் உட்கார்ந்தால் அடுப்பு எரிவதில்லை. ஆதலால் பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுப் போகிறாள். பாட்டி புட்டிப்பால் கொடுக்கிறாள். பிள்ளைக்குப் பேதி காணுகிறது. இதில் தாயைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை. 1961-ல் வந்து 2017-ல் திருத்தப்பட்ட பேறுகாலச் சட்டம், முதல் இரண்டு பிள்ளைகளுக்குச் சம்பளத்துடன் 26 வாரம் விடுமுறை கொடுத்தது. 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யுமிடத்தில் பிள்ளைக் காப்பகம் வேண்டுமென்றது. பிள்ளைக்கு 15 மாதம் ஆகும் வரை தினம் இரண்டு தடவை பால் கொடுக்க நேரம் விட வேண்டுமென்றது. இவ்வுரிமைகள் இன்றும் சட்டத்தில் இருக்கின்றன. பெயர்ப் பதிவில்லாமல் கூலிக்குத் திரி சுற்றும் பெண்ணுக்கு இவை எட்டுவதில்லை என்பதுதான் வெட்கம். அதைக் கேட்டு வாங்க வேண்டியது சங்கத்தின் வேலை. ஆண்களின் வேலையும் ஆகும்.

அதுவரையில் செய்யக்கூடியதைச் சொல்லுகிறோம். வேலைக்குப் போகுமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கொதிநீரில் போட்டெடுத்த கிண்ணத்தில் பாலைப் பீய்ச்சி மூடி வையுங்கள். நிழலான இடத்தில் 4 மணி நேரம் வரை வைக்கலாம். குளிர்பெட்டியில் ஒரு நாள் வைக்கலாம். புட்டி வேண்டாம், சங்கினால் புகட்டுங்கள், அதைக் கழுவுவது சுலபம். வேலை முடிந்து வந்ததும், அலுமினியத் தூளும் கந்தகமும் படிந்த சேலையோடு பிள்ளையைத் தூக்காதீர்கள். சேலையை மாற்றி, கையையும் முகத்தையும் மார்பையும் கழுவிய பிறகே பால் கொடுங்கள். மருந்து பட்ட துணியைப் பிள்ளைத் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். தொட்டில் கிடக்கும் வீட்டுக்குள் வெடிமருந்து வரவே கூடாது.

பிள்ளைக்குப் பேதி கண்டு, கண் குழிந்து, உச்சிக்குழி அமுங்கினால் நம்மவர்கள், தீட்டுக்காரி தொட்டுவிட்டாள், தோஷம் தட்டிவிட்டது என்று மந்திரிக்க ஓடுகிறார்கள். உச்சிக்குழி அமுங்குவது தோஷத்தால் அல்ல. உடம்பில் தண்ணீர் வற்றியதால். பழி ஒரு பெண்ணின் தலையில் விழுகிறது, உயிர் ஒரு பிள்ளைக்குப் போகிறது, காசு மந்திரவாதிக்குச் சேருகிறது. 1971-ல் வங்காள தேசப் போரின்போது வனகாவ் அகதி முகாமில் வாந்திபேதி வந்து 100-க்கு 30 பேர் வரை செத்துக் கொண்டிருந்தார்கள். தோழர் திலீப் மகலனபிஸ் என்னும் வைத்தியர் உப்பும் சர்க்கரையும் அளவாகக் கலந்த தண்ணீரை வாய்வழியே கொடுக்கச் செய்தார். சாவு 100-க்கு 4-க்கும் குறைந்தது. தீப்பெட்டித் தொழில் கற்க அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியிலிருந்து கல்கத்தாவுக்குப் போனார்கள் என்று பெருமை பேசுகிறோமே, அதே வங்காளத்தில் பலித்த இந்த அறிவைப் பிள்ளைக்காக ஏன் கொள்ளக் கூடாது? உப்புச் சர்க்கரைப் பொட்டலம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு லிட்டர் பொட்டலத்தை, காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் முழுவதும் கரைத்துச் சிறுகச் சிறுகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். துத்தநாக மாத்திரையை வைத்தியர் சொன்ன 14 நாளும் கொடுங்கள். பிள்ளை பால் குடிக்க மறுத்தாலும், துவண்டு கிடந்தாலும், வலிப்பு வந்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும், மூச்சு இரைத்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள், பூசாரியைக் கூப்பிடாதீர்கள்.

ஆறு மாதம் முடிந்ததும் ஆகாரம் தொடங்க வேண்டும். அப்போது நல்ல நாள் இல்லை என்று மாதக்கணக்கில் தள்ளிப் போடுகிறார்கள். பசிக்குப் பஞ்சாங்கம் தெரியுமா? கரண்டியைச் சாய்த்தால் ஒழுகி ஓடாத பதத்தில் கேழ்வரகுக் கூழ், நெய் விட்டு மசித்த பருப்புச் சோறு, வாழைப்பழம், கீரை, வெந்த முட்டை இவைகளை முதலில் தினம் 2, 3 வேளையும், 9 மாதத்துக்குமேல் 3, 4 வேளையும் கொடுங்கள். அங்கன்வாடிச் சத்துமாவை வாங்கிக் கொடுங்கள். அது பிச்சையல்ல, நம் வரிப்பணம். டீயில் பிஸ்கோத்தை நனைத்துக் கொடுப்பது ஆகாரமல்ல, பசியை ஏமாற்றுவது. தாய்ப்பால் இரண்டு வயது வரையிலும் தொடரலாம். ஆண்பிள்ளைக்கு முட்டையும் பெண்பிள்ளைக்குக் கஞ்சியும் என்ற வஞ்சகம் மாத்திரம் எந்த வீட்டிலும் இருக்கக் கூடாது.

இவ்வூரில் பிறந்த காமராசர் 1956-ல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவுத் திட்டம் கொண்டு வந்தார். ஆனால் மூளை வளர்ச்சியில் பெரும் பகுதி, பள்ளிக்கூட வாசலை மிதிக்குமுன், முதல் இரண்டு வருஷத்திலேயே முடிந்து விடுகிறது. அந்த இரண்டு வருஷத்துக்கு மந்திரியும் நாமே, சமையற்காரரும் நாமே.

ஆகவே தோழர்களே! நாம் சொன்னோம் என்பதற்காக எதையும் நம்ப வேண்டாம். சுகாதார நிலையத்து நர்சம்மாவைக் கேளுங்கள், உங்கள் அறிவைக் கொண்டு யோசியுங்கள், சரியென்று பட்டால் செய்யுங்கள். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் ஒன்று மாத்திரம் செய்யுங்கள். பால் கொடுக்கும் பெண் சாப்பிட்டாளா என்று கேட்டு, அவளுக்கு முதலில் சோறு போட்டுவிட்டு, பிறகு நீங்கள் இலையில் உட்காருங்கள். பிள்ளை வளர்ப்பு அங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்லி முடித்துக் கொள்ளுகிறோம்.