சயாம் மண்ணில் தமிழன் தடம்

(செம்பாக்கத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே! ஏரியால் வாழ்ந்த செம்பாக்கத்தில் நின்று, கடல் கடந்த ஒரு குளத்தின் கதை கூறுகிறேன்.

தாய் மக்கள் 13ஆம் நூற்றாண்டில் சுகோதையில் அரசு நிறுவினர். அதற்கு முன்பே, 9ஆம் நூற்றாண்டில், அவர்தம் இன்றைய நாட்டின் தக்குவாப்பாவில் 'அவனிநாரணம்' என்றொரு குளம் இருந்தது. தமிழ்க் கல்வெட்டு அதனைக் கூறுகிறது. தாய் எழுத்தின் வேரும், கெமர் எழுத்தின் வழியே, பல்லவர் எழுத்துக்கே செல்கிறது. பெருமைதான்!

ஆனால், 1942-43இல் சப்பானியர் அதே மண்ணில் பர்மாவுக்கு இருப்புப்பாதை இட்டபோது, மலேயாத் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் மாண்டனரே! போர்க்கைதிகளின் கல்லறைகளில் பெயர்கள் உண்டு. நம் தொழிலாளரிற் பெரும்பாலோருக்கு அதுவும் இல்லை.

குளத்தைப் போற்றும் நாவு, அந்த ஏழையரையும் பேசட்டும். அதுவே முழு வரலாறு!