ஓரியின் நாணமும் கொசாக்கியர் நகைச்சுவையும்



எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஆடி மாதத்தில் கொல்லிமலை ஏறுவோர், அங்கே வல்வில் ஓரிக்கு விழா எடுப்பதைக் காணலாம். அவன் எய்த ஓர் அம்பு யானை முதல் உடும்பு வரை ஐந்து உயிர்களை வீழ்த்தியதைப் பேச்சாளர் எல்லோரும் சொல்லுவர். எனக்கு அதைவிடச் சுவையானது அதன்பின் நடப்பதுதான்.

புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் அதைக் கூறுகிறார். காட்டில் வேடன் ஒருவனைக் கண்ட பாணர்கள், இவன் ஓரிதானோ, வேறொருவனோ என்று ஐயுறுகின்றனர். ஆயினும் இசைக்கருவிகள் முழங்கப் பாடுகின்றனர். பாட்டில் தன் பெயர் வந்ததும் வேடன் நாணிப்போகிறான். வேடன்தான் ஓரி! பிறகு மானிறைச்சியும் மதுவும் தந்து, மலையில் கிடைத்த பொன்னையும் வழங்குகிறான்.

இக்காட்சியை நினைக்குந்தோறும் உக்ரேன் நாட்டுப் படமொன்று என் நினைவுக்கு வரும். கோகல் 1831இல் வெளியிட்ட கதையைத் தழுவி, 1972இல் போரிஸ் இவ்சென்கோ இயக்கிய 'தொலைந்த கடிதம்' என்பது அது. கதையில், பேரரசிக்குரிய கடிதத்தைத் தொப்பியில் தைத்துக்கொண்டு புறப்படுகிறான் ஒரு கொசாக்கியக் குதிரைவீரன். வழியில் தொப்பி பேயின் கைக்குப் போய்விடுகிறது. அதை மீட்கச் சூனியக்காரிகளோடு அவன் சீட்டாட வேண்டியிருக்கிறது! வாளால் முடியாததைச் சீட்டால் முடிக்கும் வீரனைப் பார்த்து யார்தாம் சிரியாதிருப்பர்? படத்தில் அவ்வீரனாக நடித்தவர் இவான் மிகொலைசுக்.

சிரிக்க வைத்த இப்படத்தைச் சோவியத் அதிகாரிகள் நெடுங்காலம் பரவலாகத் திரையிட விடவில்லை. ஏன் அஞ்சினர்? சபோரோழியக் கொசாக்கியரின் கோட்டையை 1775இல் பேரரசி இரண்டாம் கேதரீனின் படை அழித்தது. கோட்டை போயிற்று; கதையும் பாட்டும் மக்களிடம் எஞ்சின. தம் வீரனைத் தாமே கேலி செய்து மகிழும் மக்கள், அவனை மறக்கவில்லை என்பதையும் கூடவே சொல்லிவிடுகின்றனர். ஆள்வோருக்கு அதுவே உறுத்தியிருக்கக்கூடும்.

ஓரியும் தோற்றவன்தான். மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்று கொல்லியைச் சேரனுக்கு அளித்தான். மலை கைமாறியபோதும் பாட்டில் ஓரி இன்னும் நாணிக்கொண்டே நிற்கிறான்.

நம் திரையிலும் அரசனைக் கண்டு சிரித்திருக்கிறோம். 2006இல் வந்த 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி'யில் வடிவேலு பெருஞ்சிரிப்பை விளைவித்தார். ஆனால் அது கோழை மன்னனைக் கண்ட சிரிப்பு. தன் புகழைத் தானே கேட்க நேர்ந்து தவிக்கும் நல்லவனைக் கண்டு நாம் கொள்ளும் முறுவல் வேறு. அந்த ஓரியை, வீரவசனம் பேசிப் பழகிய நம் வரலாற்றுப் படங்களில் நான் கண்டதில்லை.

உங்கள் கல்லூரி நாடகத்தில் ஒருமுறை முயன்று பாருங்களேன். வசனம் முழுவதும் பாணர்களுக்கே இருக்கட்டும். ஓரியாக வருபவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றால் போதும்.