இங்கிலாந்துக் கடலோரத்தில் நான்கு நாள் நடை

(சங்கத்தின் மூத்த குடிமக்கள் சந்திப்பில் பேசியது)

போன ஜூனில் மகன் வீட்டுக்கு இங்கிலாந்து போய் வந்ததைப் பற்றிப் பேசச் சொன்னார் செயலாளர். லண்டன் படங்களை எல்லாம் வாட்ஸ்அப் குழுவில் போட்டு ஏற்கனவே உங்களைப் படுத்திவிட்டேன். அதனால் நானும் மகனும் நான்கு நாள் கடலோரமாக நடந்ததை மட்டும் சொல்கிறேன். அதில் நான் செய்த தவறு ஒன்றும் வரும்.

இடம் நார்தம்பர்லாந்து. இங்கிலாந்தின் வடகிழக்கு ஓரம், ஸ்காட்லாந்து எல்லைக்குச் சற்றுக் கீழே. சுமார் 100 கிலோமீட்டருக்குக் கடலோர நடைபாதை என்று அடையாளம் போட்டு வைத்திருக்கிறார்கள். முழுவதும் நடக்க என் முழங்கால் சம்மதிக்காது. ஆலன்மவுத்தில் ரயிலை விட்டு இறங்கி, வடக்கே லிண்டிஸ்ஃபார்ன் தீவு வரை போவதாகத் திட்டம். என் மனைவி பேரனோடு வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

முதல் நாள் ஒரு மணி நேரத்துக்குள் வெயில், தூறல், ஊசி மாதிரி குத்தும் காற்று, மறுபடி வெயில். இங்கிருந்து கொண்டுபோன மடக்குக் குடை முதல் காற்றிலேயே தலைகீழாக விரிந்து கம்பி ஒடிந்தது. அங்கே குடை பிடித்து நடப்பவர் யாரையும் பார்க்கவில்லை. தொப்பி வைத்த மழைக்கோட்டுதான். உள்ளே மெல்லியதாக இரண்டு மூன்று உடுப்பு. போடுவதும் கழற்றுவதுமே ஒரு வேலை.

இரவு தங்கியது கிராஸ்டர் என்ற மீனவ கிராமம். ஹெர்ரிங் மீனைப் புகையில் வாட்டி விற்பதற்குப் பேர்போன ஊர். சைவமான எனக்கு அந்த வாசனையே போதுமாக இருந்தது.

மறுநாள் அங்கிருந்து டன்ஸ்டன்பரோ கோட்டை. 1313-இல் கட்டத் தொடங்கியது, இப்போது இடிபாடுதான். புல்வெளி முடிவில், கடலை ஒட்டிக் கறுப்பாகத் தெரிந்தது. ஷூ கயிறு கட்டக் குனிந்து நிமிர்ந்தேன், கோட்டையைக் காணோம்! ஜூனிலும் அந்தக் கடல் சில்லென்றிருக்கும். சூடான காற்று அதன்மேல் வரும்போது குளிர்ந்து மூடுபனியாகிவிடுகிறது. உள்ளூரில் ‘ஃபிரெட்’ என்கிறார்கள். பத்தடி முன்னால் போகும் மகன்கூட நிழலாகத்தான் தெரிந்தான். அலைச் சத்தத்தை வலது காதில் வைத்துக்கொண்டே ஒரு மணி நேரம் நடந்தோம்.

பனி விலகியபோது பீட்னெல் விரிகுடா. அங்கே ஆர்க்டிக் ஆலா என்ற பறவை மணலில் முட்டையிடுகிறது. குளிர்காலத்தைக் கழிக்க அண்டார்டிகா வரை பறந்து போய்த் திரும்பி வருமாம். என் பாஸ்போர்ட்டில் மொத்தமே இரண்டு முத்திரை. முட்டைகளுக்கு இரவும் பகலும் ஆள் வைத்துக் காவல். கிட்டே போனால் பறவையே தலையைக் கொத்த வருகிறது, காவலாளி எதற்கு என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் பாம்பரோ. கிரேஸ் டார்லிங் என்ற பெண்ணின் கல்லறை அங்கே இருக்கிறது. 1838-இல் புயலில் கப்பல் உடைந்தபோது, கலங்கரை விளக்கக் காவலரான அப்பாவோடு துடுப்புப் படகில் போய் ஆட்களைக் காப்பாற்றியவள். அப்போது வயது 22.

நான்காம் நாள்தான் விஷயம். லிண்டிஸ்ஃபார்னுக்கு ஒரு தார்ச்சாலை போகிறது. தினமும் இரண்டு முறை கடல் அதை மூடிவிடும். எந்த நேரத்துக்குள் கடக்கலாம் என்று உள்ளாட்சியே அட்டவணை போடுகிறது. அன்றைக்கு 1:50 வரை. ‘எட்டரைக்கே கிளம்பணும்பா’ என்று முதல் நாள் இரவே மகன் சொல்லியிருந்தான். காலையில் நல்ல மழை. ‘விடட்டும், போகலாம்’ என்று நான்தான் ஒன்றரை மணி நேரம் விடுதியில் உட்காரவைத்தேன். மூன்று நாளாக வானத்தையே பார்த்துப் பழகிய கண். அட்டவணை கடலுக்குத்தான், மழைக்கு இல்லை என்பது உறைக்கவில்லை.

சாலை தொடங்கும் இடத்துக்கு வந்தபோது 1:15. பளீர் வெயில். தண்ணீர் எங்கோ தூரத்தில் ஒரு கோடு. தீவு தெளிவாகத் தெரிகிறது. ஊர் வரை சுமார் 5 கிலோமீட்டர்.

‘வேண்டாம்பா, நேரம் பத்தாது.’

‘முப்பத்தஞ்சு நிமிஷம் இருக்கே. வேகமா நடந்தா பாலத்தைத் தாண்டிடலாம்.’

‘உங்க முழங்காலோட முடியாது. அம்மாகிட்ட நான் என்ன சொல்றது?’

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு நாளில் ஊருக்கு விமானம். மறுபடி எப்போது வருவேனோ. உன்னை வளர்த்தவன் நான் என்கிற தோரணையில் ஏதோ சொன்னேன். அதை இங்கே சொல்ல வேண்டாம். பத்தடி நடக்கவும் செய்தேன். அவன் கத்தவில்லை, பின்னால் வரவும் இல்லை. அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து பையிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்தான். திரும்பி வந்து நானும் உட்கார்ந்தேன். பேசிக்கொள்ளவில்லை.

கடல் எதிரிலிருந்து அலை அலையாக வரும் என்று நினைத்திருந்தேன். அப்படி வரவில்லை. இரண்டு பக்கமும் மணல் மினுங்க ஆரம்பித்தது. வாய்க்கால் மாதிரி இருந்தது அகலமானது. கடைசியாக ஒரு கார் தண்ணீரைத் தெறித்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. பிறகு தாரையே காணோம். மாட்டிக்கொள்கிறவர்கள் ஏறி நிற்பதற்காகக் கால்கள் வைத்துக் கட்டிய ஒரு சின்ன வெள்ளைக் கூண்டு மட்டும் தண்ணீருக்கு நடுவில் நின்றது. நான் போயிருந்தால் ஏறக்குறைய அங்கேதான் இருந்திருப்பேன்.

வங்கியில் கேஷ் கவுண்டரில் இருந்த காலத்தில் இரண்டு மணிக்கு மேல் ஓடிவருபவர்களிடம், ‘கேஷ் க்ளோஸ் பண்ணியாச்சு, நாளைக்கு வாங்க’ என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அதை மகனிடம் சொன்னேன். சிரித்துவிட்டான். டீயில் பாதியை மூடியில் ஊற்றிக் கொடுத்தான்.

தீவை நான் இன்னும் பார்க்கவில்லை. பிள்ளைகளைப் பார்க்க அந்தப் பக்கம் போகிறவர்கள் கிளம்புமுன் என்னிடம் கேளுங்கள். நல்ல மழைக்கோட்டு ஒன்று சும்மா தொங்குகிறது, இரவல் தருகிறேன். குடை மட்டும் கேட்காதீர்கள்.