வேலைக்குப் போன நளன்

(தலைப்பு: மாதச் சம்பளக்காரர் சீட்டாட்டம் பயில்வது வினையா? விளையாட்டா? ‘விளையாட்டே’ என்ற அணியில் இரண்டாவதாகப் பேசிய ஆசிரியையின் உரை)

நடுவர் அவர்களே! சீட்டுக்கட்டைத் தொட்டாலே கை வெந்துவிடும் என்று பயமுறுத்திவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பரே! மஞ்சக்குப்பத்திலிருந்தும் திருப்பாதிரிப்புலியூரிலிருந்தும், கடைசி பஸ்ஸைப் பற்றிக் கவலைப்படாமல் சிதம்பரத்திலிருந்தும் வந்திருக்கிற பெரியவர்களே, தாய்மார்களே!

அவர் பேசி முடித்ததும் முன்வரிசையில் ஓர் அம்மா தன் வீட்டுக்காரரைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாங்க. அந்தப் பார்வையிலேயே எங்க அணி பாதி தோத்துப் போச்சு. (சிரிப்பு) மிச்சப் பாதியைக் காப்பாற்றத்தான் வந்திருக்கேன்.

நண்பர் என்ன சொன்னார்? வள்ளுவர் சூதுக்கென்று ஓர் அதிகாரமே வைத்தார் என்றார். பத்துக் குறளையும் ஒப்புக்கொள்கிறேன் ஐயா, ஒன்றைக்கூட மறுக்கமாட்டேன். அடுத்து நளனை இழுத்தார். சூதாடி நாட்டை இழந்தான், காட்டுக்குப் போனான், கட்டிய மனைவியை நடுக்காட்டில் விட்டான் என்று கண் கலங்கச் சொன்னார். கலங்கியதும் உட்கார்ந்துவிட்டார். கதையைப் பாதியில் நிறுத்தலாமா? நளன் கதையில் நம்ம தலைப்புக்கு உரிய பகுதியே அதுக்கு அப்புறம்தான் வருது!

காட்டில் கார்க்கோடகன் தீண்டி உருவம் மாறிய நளன் எங்கே போனான்? அயோத்திக்குப் போனான். இருதுபன்னன் என்கிற ராஜாவிடம் வாகுகன் என்ற பெயரில் தேரோட்டியாகச் சேர்ந்தான். இன்றைய பாஷையில் சொன்னால் டிரைவர் உத்தியோகம். கூடவே சமையலும் தெரியும். முழுநேர வேலை ஐயா, சம்பளத்துக்கு வேலை! ஒருநாள் தமயந்திக்கு மறு சுயம்வரம் என்று சேதி வருகிறது. ஒரே நாளில் விதர்ப்ப நாட்டுக்குத் தேரை விரட்டுகிறான். வழியில் ஒரு தான்றி மரம். ராஜா தேரில் உட்கார்ந்தபடியே பார்த்து, அந்த மரத்தில் இத்தனை இலை, இத்தனை காய் என்று கணக்குச் சொல்கிறான். நளன் நம்பவில்லை. தேரை நிறுத்தி எண்ணிப் பார்த்தான். சரியாக இருந்தது!

“இந்த வித்தையை எனக்குச் சொல்லிக் கொடுங்கள். நான் குதிரை ஓட்டும் வித்தையைத் தருகிறேன்” என்றான். ராஜா கொடுத்த வித்தை எண்ணுகிற வித்தை மட்டுமல்ல. சூதுக்காயின் சூட்சுமமும் அதிலேயே இருந்தது. இயன் ஹேக்கிங் என்கிற தத்துவப் பேராசிரியர், நிகழ்தகவுக் கணக்கு எப்படிப் பிறந்தது என்று 1975-இல் எழுதிய புத்தகத்தில் இந்தக் கதையை எடுத்துப் பேசுகிறார்.

இதில் முக்கியமான ஒன்று இருக்கு. பாரதக் கதைப்படி, அந்தக் கணக்கைக் கற்றுக்கொண்ட உடனே நளன் உடம்பில் குடியிருந்த கலி வெளியேறினான். கவனிங்க! விளையாட வைக்க உள்ளே வந்த கலி, படித்தபோது வெளியே போனான். (கைதட்டல்) நாம சனி தீர நளதீர்த்தத்தில் முழுகணும்னு சிதம்பரத்தில் பஸ் ஏறி, சீர்காழி வழியா திருநள்ளாறு போறோம். நளனுக்குக் கலி தீர்ந்தது ஆபீஸ் வேலையாப் போன வழியில்! ராஜாவா இருந்தப்போ படிக்காம ஆடினான், தோத்தான். டிரைவரா இருந்தப்போ படிச்சான், அப்புறம் புட்கரனோடு ஆடி நாட்டை மீட்டான். மீட்டதோடு நிறுத்தினான்.

சரி, சீட்டாட்டத்தில் என்ன பெரிய படிப்பு என்று கேட்பீர்கள். நான் கணக்கு டீச்சர். பத்தாம் வகுப்பு நிகழ்தகவுப் பாடத்தில் 52 சீட்டுள்ள கட்டை வைத்துத்தான் கேள்வியே வரும். அரசாங்கமே பிள்ளைகள் கையில் கட்டைக் கொடுத்துட்டு, அப்பா தொட்டா மட்டும் தப்புங்குது. (சிரிப்பு)

போக்கர் என்று ஓர் ஆட்டம். கையில் ரெண்டு சீட்டு, நடுவில் எல்லாருக்கும் பொதுவாக அஞ்சு சீட்டு. உங்க கையிலும் நடுவிலுமாச் சேர்ந்து நாலு ஆட்டின் இருக்குன்னு வையுங்க. அஞ்சாவது ஆட்டின் வந்தா ஜெயிப்பு. மொத்தம் 13 ஆட்டின், நாலு போனா மீதி 9. நீங்க பார்க்காத சீட்டு 47. ஆக, அடுத்த சீட்டு ஆட்டினா வர ஏறக்குறைய அஞ்சில் ஒரு பங்கு வாய்ப்பு. நடுவில் 300 ரூபாய் கிடக்கு, தொடர்ந்து ஆட நீங்க 100 போடணும்னா, கும்பிடு போட்டுட்டுச் சீட்டை வெச்சிடணும். 500 கிடந்தா போடலாம். இதுதான் படிப்பு. இதில் கண்ணை மூடிக்கிட்டு “வரும், வரும்”னு சொல்றதுக்கு இடமே இல்லை.

ஆனால் இந்தப் படிப்பில் ஒரு கொடுமை உண்டு. அதை எதிரணி சொல்லவில்லை, நானே சொல்கிறேன். என் வகுப்பில் ஒரு பையன் கணக்கைச் சரியாகப் போட்டால் அன்றைக்கே மார்க் வரும். இந்த ஆட்டத்தில் அப்படி இல்லை. ரெண்டு ஏஸ் ஜோடியாகக் கையில் வருவது 221 தடவைக்கு ஒரு தடவை. அதைவிட உயர்ந்த கை கிடையாது. அதை வைத்துக்கொண்டு ஏதோ ஒரு கையோடு கடைசிவரை மோதினால்கூட, நூற்றுக்கு ஏறக்குறைய 15 தடவை தோற்பீர்கள். சரியாக ஆடியவன் தோற்பான், தப்பாக ஆடியவன் ஜெயிப்பான். ஜெயித்தவன் தனக்கு வித்தை வந்துவிட்டது என்று நினைப்பான். அங்கேதான் குடும்பம் முழுகும்.

இது புத்தகத்தில் படித்ததல்ல, என் தம்பி கதை.

அவன் இந்த மாவட்டத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். காலை, மாலை, ராத்திரி என்று வாரத்துக்கு வாரம் மாறும். 2024 தொடக்கத்தில் போனில் இந்த ஆட்டத்தைப் பிடித்தான். ஒழுங்காகவே படித்தான். நூறு பக்க நோட்டு வாங்கி, ஒவ்வொரு ஆட்டத்தையும் எழுதிவைத்தான். பள்ளிக்கூடத்தில் என்னிடம் படிக்கும்போது இப்படி எழுதியிருந்தால் இன்ஜினியர் ஆகியிருப்பான். (சிரிப்பு) மூணு மாதம் ஜெயித்தான். ஒருநாள் ராத்திரி வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு கடிதம்.

“அக்கா, சம்பளத்தைவிட இதில அதிகம் வருது. வேலையை விட்டுடப் போறேன். நீ ஒரு தடவை படிச்சுப் பாரு, ஸ்பெல்லிங் தப்பு இருக்கப்போவுது.”

ராஜினாமாக் கடிதம்! கைக்குழந்தைக்காரன். அவன் பெண்டாட்டி என் பின்னால் நின்று சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். நான் திட்டவில்லை. திட்டினால் கடிதம் மறுநாள் காலையிலேயே போய்ச் சேர்ந்துவிடும். “நோட்டை எடுடா” என்றேன்.

ராத்திரி ரெண்டு மணி வரை உட்கார்ந்தோம். நாலு சீட்டு கையில் இருக்க, கடைசிச் சீட்டு ஒன்றை எதிர்பார்த்துப் பணம் போட்ட இடங்களை மட்டும் எண்ணினோம். நாற்பது இடம். அஞ்சில் ஒரு பங்கு என்றால் எட்டுத் தடவை வரணும். அவனுக்குப் பதின்மூன்று தடவை வந்திருக்கிறது. மூணு மாத லாபத்தில் பெரும்பகுதி அந்த அதிகப்படி அஞ்சு தடவையில்தான் இருந்தது.

“எட்டு உன் படிப்புடா தம்பி. இந்த அஞ்சு யார் கொடுத்தது?”

ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், “வேலையை விட்டிருந்தா, அடுத்த மாசம் எட்டுக்குப் பதிலா மூணு வந்தா வாடகை எப்படிக்கா குடுப்பேன்?” என்றான். (கைதட்டல்) கைதட்டாதீங்க, அடுத்த ரெண்டு மாதத்தில் அப்படித்தான் ஆச்சு. ஜெயித்ததில் முக்கால்வாசி திரும்பிப் போனது. ஆனால் சம்பளம் வந்துகொண்டிருந்தது. அரிசி வாங்கும் காசில் ஆடுகிறவனுக்குக் கை நடுங்கும். கை நடுங்கினால், கணக்கு எவ்வளவு தெரிந்தாலும் பிரயோஜனமில்லை. வேலைக்கு இந்தப் படிப்பு எதிரி என்கிறார் நண்பர். நான் சொல்கிறேன், வேலைதான் இந்தப் படிப்புக்குப் பாதுகாப்பு.

அமெரிக்காவில் ஒருவர், பெயரே கிறிஸ் மணிமேக்கர். நான் வைத்த பெயர் இல்லை ஐயா, பிறந்த பெயர். (சிரிப்பு) கணக்கு எழுதும் உத்தியோகம். 2003-இல் 86 டாலர் கட்டி நுழைந்து, 839 பேர் ஆடிய உலகப் போட்டியில் 25 லட்சம் டாலர் ஜெயித்தார். அதைக் கேட்டு ஊர் உலகமெல்லாம் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். ஆனால் அவர் வேலையில் இருந்துகொண்டே போய் ஆடியவர். மற்ற 838 பேரும் ஊர் திரும்பினார்களே, அவர்கள் கதையை யாரும் எழுதவில்லை.

தூக்கத்தைப் பற்றிச் சொல்லணும். என் தம்பி பணத்தைவிட அதிகம் இழந்தது தூக்கத்தை. ஒருநாள் ராத்திரி ஷிப்டில் கண் சொக்கி நின்றவனை மேலாளர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அன்றைக்கு அவன் பெண்டாட்டி ஒரு சட்டம் போட்டாள். ஷிப்ட் அட்டவணை பக்கத்தில் இன்னொரு தாள் ஒட்டினாள். ராத்திரி ஷிப்ட் வாரத்தில் சீட்டு கிடையாது. மற்ற வாரத்தில் குழந்தை தூங்கியபின் ஒரு மணி நேரம், பத்தரைக்குப் போன் அவள் கையில். மாதம் இவ்வளவுதான் பணம், தீர்ந்தால் தீர்ந்தது. ஜெயித்தால் அந்தப் பணம் அவளிடம் போகும், அவன் தொடக்கூடாது.

அவளுக்குத் தெரியாமலே அவள் பெரியபுராணத்தைப் பின்பற்றினாள். தில்லை ஆயிரங்கால் மண்டபத்தில் சேக்கிழார் பெருமான் அரங்கேற்றிய நூல் அது. அதில் மூர்க்க நாயனார் என்று ஒருவர் வருகிறார். சூதாடி ஜெயித்து அடியார்களுக்குச் சோறு போட்டவர். ஜெயித்த பொருளைத் தன் கையால் தொடமாட்டார், சமையல்காரர்கள்தான் எடுத்துக்கொள்ளணும். அடியார்கள் சாப்பிட்ட பிறகு கடைசிப் பந்தியில் தான் சாப்பிடுவார். இடுப்பில் கத்தி வைத்திருந்தார், அந்தப் பகுதியை மட்டும் நான் சிபாரிசு செய்யவில்லை. (சிரிப்பு)

சட்டம் தடுக்கிறதே என்றார் நண்பர். தடுக்கட்டும், வரவேற்கிறேன். ரம்மி திறமை ஆட்டம் என்று 1968-இலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023-இல் நம் மாநிலம் கொண்டுவந்த சட்டத்தின் பட்டியலில் ரம்மியும் போக்கரும் இருந்தன. அந்த வருஷம் நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, அந்த ரெண்டையும் பட்டியலிலிருந்து எடுத்தது. திறமை ஆட்டம் என்று நீதிமன்றம் சொன்னது ஆட்டத்தைப் பற்றி. ஆடுகிறவனுக்குத் திறமை இருக்கு என்று எந்த நீதிபதியும் சொல்லவில்லை! (கைதட்டல்) கடன்பட்டு உயிரை விட்டவர்களின் வீடுகள் இந்தத் தமிழ்நாட்டில் இருக்கின்றன. அந்த வீட்டு வாசலில் போய் நின்று ‘நிகழ்தகவு’ என்று பேச எனக்கு வாய் வராது.

2025 பிப்ரவரியில் மாநில அரசு, நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து காலை அஞ்சு மணி வரை இந்த ஆட்டங்களை மூடச் சொல்லி விதி போட்டது. எங்க வீட்டு மருமகள் முந்தின வருஷமே போட்ட விதி! (சிரிப்பு) அந்த ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி இணையத்தில் ஆடுவதே கூடாது என்று சட்டம் இயற்றியது. தம்பி போனைக் காட்டினான். ஆட்டம் நின்றுபோயிருந்தது. மிச்சமிருந்த கொஞ்சப் பணத்தை எடுத்து அவளிடமே கொடுத்தான்.

அன்றைக்கு முகம் வாடித்தான் இருந்தான், பொய் சொல்லமாட்டேன். நோட்டு நிறையப் படிச்சாச்சே, இனி எதுக்கு என்றான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கம்மா பழைய பல்லாங்குழிப் பெட்டியைத் திறந்து ஒரு படி புளியங்கொட்டையைக் கொட்டினாங்க. ஆளுக்கு ஐம்பது கொட்டை. பாய் விரித்து, தம்பி, அவன் பெண்டாட்டி, நான், என் வீட்டுக்காரர். முதல் நாளே அவன் பெண்டாட்டி எங்க மூணு பேரையும் காலி பண்ணிட்டா. ஒன்றரை வருஷமா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்திருக்கா, யாருக்கும் தெரியல! (சிரிப்பு, கைதட்டல்) பணம் இல்லாவிட்டால் சுவை இருக்காது என்று எதிரணியில் அடுத்து வருகிறவர் சொல்வார். என் வீட்டுக்காரர் மூணு கொட்டைக்காக முக்கால் மணி நேரம் வாதாடினதை அவர் வந்து பார்க்கணும்.

மணி அடிச்சிட்டீங்க, முடிச்சிடறேன் ஐயா. அந்த ராஜினாமாக் கடிதம் என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. எங்க வீட்டில்தான் இருக்கு. ஒரு பக்கம்தானே எழுதியிருந்தான்? பின்பக்கத்தில் புளியங்கொட்டைக் கணக்கு எழுதுறோம். போன ஞாயிறு வரைக்கும் தம்பி எனக்கு நாற்பத்தெட்டுக் கொட்டை பாக்கி.

(கைதட்டல்)