தவறியது பிள்ளைகளா?



லடாக்கில் பௌத்தர்களும் முஸ்லிம்களுமாகப் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். 1990களில் அங்கே பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு ஏறத்தாழ 95 பிள்ளைகள் தோற்றார்கள். வீட்டில் லடாக்கி, பள்ளியில் உருது, ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஆங்கிலம். புரியாத பிள்ளைக்கு ‘மக்கு’ என்று பெயர்!

கல்லூரி மாணவர்கள் 1988இல் தொடங்கிய ‘செக்மோல்’ இயக்கம் இதை மாற்றப் புறப்பட்டது. ஊர்தோறும் கல்விக் குழுக்கள் அமைய உழைத்தது. தோற்றவர்களைச் சேர்த்துக்கொண்டு பாடத்தோடு லடாக்கிப் பாட்டும் ஆட்டமும் கற்பித்தது. 2006இல் நூற்றுக்கு 55 பேர் தேறினார்கள்.

நம் மஹல்லாவிலும் தேர்வில் தவறி வீட்டோடு முடங்கிய பிள்ளைகள் உண்டு. கல்லூரி மாணவர்களே, மஃரிபுக்குப் பின் ஒரு மணி நேரம் அவர்களோடு உட்காருங்கள். பெற்றோர்களே, திட்டுமுன் எங்கே புரியவில்லை என்று கேளுங்கள்.

அல்லாஹ் நம் முயற்சியை ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.