பால்மரமும் பலபடியும்



‘மலர்முகம்’, ‘முகமலர்’ என்னும் இரண்டையும் இலக்கணம் பயின்றோர் அறிவர். முன்னது உவமை, பின்னது உருவகம். சொற்கள் அவையே, அமைப்பு மாறியதால் பொருள் மாறிற்று. பொருள்களின் உலகிலும் இவ்வுண்மை உண்டு என்பதற்கு இந்நிலத்து இரு மரங்களின் பால் சான்றாகும்.

ஒன்று, நம் முன்னோர் வெட்டிய பால்மரம். 1877இல் கியூ பூங்காவிலிருந்து சிங்கப்பூர் வந்த 22 நாற்றுகளோடு இங்கு அதன் வரலாறு தொடங்குகிறது. மற்றொன்று, அதற்கு முன்பே இக்காடுகளில் வளர்ந்த கட்டாபெர்ச்சா. 1851இல் டோவருக்கும் கலேக்கும் இடையே கடலடியில் இட்ட தந்திக் கம்பிக்கு அதன் பாலே காப்புறை. மலாய்மொழி இரண்டு பாலையும் ‘கெத்தா’ என்றே அழைக்கும்.

இரண்டும் ஐசோப்ரீன் என்னும் ஒரே அலகு ஆயிரக்கணக்கில் கோக்கப்பட்ட சங்கிலிகளே. அலகு ஒவ்வொன்றிலும் ஐந்து கார்பன், எட்டு ஹைட்ரஜன். கோத்த வரிசையும் ஒன்றே. அலகில் உள்ள இரட்டைப் பிணைப்பைக் கடந்து சங்கிலி எப்பக்கம் தொடர்கிறது என்பதே வேறுபாடு. ரப்பரில் அது வந்த பக்கத்திலேயே தொடர்வதால் சங்கிலி வளைந்து சுருள்கிறது. இழுத்தால் நீள்கிறது, விட்டால் மீள்கிறது. கட்டாபெர்ச்சாவில் எதிர்ப்பக்கம் தொடர்வதால் சங்கிலிகள் நிமிர்ந்து நெருங்கி அடுங்குகின்றன. எனவே அது இறுகி நிற்கிறது. வெந்நீரில் இட்டால் இளகுகிறது.

இத்தகைய நெடுஞ்சங்கிலியைத் தமிழகப் பாடநூல் ‘பலபடி’ என்கிறது. இலங்கைப் பாடநூல் ‘பல்பகுதியம்’ என்கிறது. எது சிறந்தது என்று வழக்காடுவதில் நாம் நெடுங்காலம் செலவிட்டோம். இரண்டும் நல்ல சொற்களே. ஆயினும் அவை அலகுகள் பல என்று மட்டுமே கூறும். எவ்வாறு இணைந்தன என்று கூறா. அதைக் கூறுவன ‘ஒருபக்க’, ‘மறுபக்க’ என்னும் எளிய அடைகள். பலபடி என்பதை மட்டும் மனனம் செய்த மாணவர், ரப்பர் ஏன் நீள்கிறது என்று கேட்டால் விடையின்றி நிற்பர்.

ஒட்டுப்பாலை விரலால் இழுத்து விளையாடிய தலைமுறையினர் நாம். தோட்டங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. பால்வெட்டு, ஒட்டுப்பால் என்னும் சொற்கள் முதியோர் நாவில் மட்டுமே வாழ்கின்றன. அச்சொற்களையும் அறிவியல் வகுப்பிற்கு அழைத்து வாருங்கள். கையறிந்த பொருளிலிருந்து கற்கும் கலைச்சொல்லே நெஞ்சில் நிலைக்கும்.