குறியும் கண்ணாடியும்



உங்கள் சட்டையிலுள்ள பொத்தான் ஒன்றைக் கழற்றி, ஐம்பது மீட்டருக்கு அப்பால் ஒரு சுவரில் ஒட்டிவைத்துவிட்டு, இப்பால் வந்து நின்று பாருங்கள். அது வட்டமா சதுரமா என்பதுகூட உங்களுக்குப் புலப்படாது. 0.22 அங்குல ரைபிள் போட்டியில், 50 மீட்டர் தொலைவில் நிறுத்தப்படும் இலக்கின் நடுவட்டம் ஏறக்குறைய அந்தப் பொத்தானின் அளவே உடையது. அதன் விட்டம் 10.4 மில்லிமீட்டர், அதில் பட்டால் 10 புள்ளிகள். நல்ல பார்வையுடைய கண் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. இதனைக் கலை என்பர். ஐம்பது மீட்டர் தொலைவில் ஒரு கலை என்பது 14.5 மில்லிமீட்டர் அகலத்திற்குச் சமம். ஆகவே அந்த நடுவட்டம் மனிதக் கண்ணின் எல்லையைக் கடந்து நிற்கிறது.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எவ்வாறு குறிபார்ப்பது? துப்பாக்கியின் மேல் ஒரு தொலைநோக்கியைப் பொருத்திக்கொண்டால் போயிற்று என்று நீங்கள் உடனே விடை கூறுவீர்கள். திரைப்படங்களில் அப்படித்தான் பார்த்திருக்கிறோம். உண்மை வேறு விதமாக இருக்கிறது.

2024 ஆகஸ்டு 1-ஆம் நாள், பாரிஸ் ஒலிம்பிக் விளையாட்டில், 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டியில் ஸ்வப்னில் குசாலே என்னும் நம் நாட்டு வீரர் வெண்கலப் பதக்கம் பெற்றார். மண்டியிட்டும், படுத்தும், நின்றும் சுடவேண்டிய போட்டி அது. இறுதிச் சுற்றில் அவர் பெற்றவை 451.4 புள்ளிகள். மகாராட்டிர மாநிலம் கோலாப்பூர் மாவட்டத்திலுள்ள கம்பல்வாடி என்னும் சிற்றூரில் பிறந்தவர். ரயில்வேயில் பயணச்சீட்டுப் பரிசோதகராகப் பணிபுரிந்தவர். அதே கோலாப்பூரைச் சேர்ந்த தேஜஸ்வினி சாவந்த் அம்மையார், 2010-இல் மியூனிக் நகரில் 50 மீட்டர் படுத்துச் சுடும் போட்டியில் 600-க்கு 597 பெற்று உலக சாம்பியன் ஆனார். இவ்விருவர் துப்பாக்கிகளிலும் தொலைநோக்கி இல்லை. இருக்கவும் கூடாது, சர்வதேசத் துப்பாக்கிச் சுடும் சம்மேளனத்தின் விதிகள் ஒலிம்பிக் ரைபிள் போட்டிகளில் தொலைநோக்கியை அனுமதிப்பதில்லை.

பின் எதைக் கொண்டு சுட்டார்கள்? கண்ணருகே ஒரு சிறு துளை. குழலின் முனையில் ஒரு சிறு வளையம். அவ்வளவுதான். இலக்கின் கருவட்டம் 112.4 மில்லிமீட்டர் விட்டமுடையது. அது வெறுங்கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். துளையின் நடுவே வளையத்தையும், வளையத்தின் நடுவே அந்தக் கருவட்டத்தையும் நிறுத்திவிட்டால், கண்ணுக்குத் தெரியாத பத்து, தானே நடுவில் வந்து அமர்ந்துவிடுகிறது. ஒரு வட்டத்திற்குள் இன்னொரு வட்டம் நடுவில் இருக்கிறதா, சற்றே விலகியிருக்கிறதா என்று அறிவதில் மனிதக் கண் வியக்கத்தக்க திறமை வாய்ந்தது. நெற்றியில் பொட்டு ஒரு நூலளவு ஒதுங்கியிருந்தால் வீட்டுப் பெண்கள் எட்டிநின்றே சொல்லிவிடுகிறார்கள் அல்லவா? அந்தத் திறமைதான் இது. அன்றியும் சிறு துளை வழியே பார்க்கும்போது அருகிலுள்ள வளையமும் தொலைவிலுள்ள இலக்கும் ஓரளவு ஒருங்கே தெளிவாகத் தெரிகின்றன. ஊசித்துளைக் காமிராவைச் செய்து பார்த்த மாணவனுக்கு இதன் காரணத்தை நான் விளக்கவேண்டியதில்லை.

இதை நான் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நல்லம்பள்ளிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் மானாவாரி நிலத்தில் உழுது வாழும் ஒரு விவசாயி, சில ஆண்டுகளுக்கு முன் என் வீட்டுக்கு வந்தார். அவருடைய மகன் தேசிய மாணவர் படையில் சேர்ந்து முகாமில் ரைபிள் சுடப் பழகியவன். மேலும் பயின்று போட்டிகளுக்குச் செல்ல வேண்டுமென்ற ஆசை அவனைப் பற்றிக்கொண்டது. அவன் குண்டுகள் இலக்கில் சிதறி விழுந்தனவாம். யாரோ ஒரு வியாபாரி, நல்ல ஸ்கோப் ஒன்று வாங்கிக் கொடுத்தால் பையன் வென்றுவிடுவான் என்று சொல்லிவிட்டார். "கறவை மாட்டைச் சந்தைக்கு ஓட்டிவிடட்டுமா, ஐயா? நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று கேட்டார் அந்த மனிதர். போட்டிக்குரிய உயர்ந்த ஸ்கோப்பின் விலை ஒரு மாட்டின் விலையையும் விஞ்சும் என்பது அவருக்குத் தெரியாது.

பையன் எந்தப் போட்டிக்குச் செல்லப்போகிறான் என்று கேட்டேன். ஒலிம்பிக் விதிப்படி நடக்கும் போட்டி. ஸ்கோப்பைப் பொருத்தியிருந்தால் துப்பாக்கியைச் சோதிக்கும் மேசையிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். பிறகு பையனை வரவழைத்து, தெருக்கோடியில் இருந்த ஒரு பெயர்ப்பலகையை வாசிக்கச் சொன்னேன். அவன் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தான். முப்பத்தைந்து ஆண்டுகள் கடைசி வரிசைப் பையன்களைக் கவனித்த ஆசிரியனுக்கு அந்த இடுக்கல் போதும். தருமபுரியில் கண் மருத்துவரிடம் காட்டினார்கள், கிட்டப்பார்வை. மூக்குக்கண்ணாடி அணிந்து சுடுவதற்கு விதிகளில் தடையில்லை. அடுத்த முறை சுட்டபோது அவனுடைய ஐந்து குண்டுகளும் ஓர் எலுமிச்சம்பழ அளவுக்குள் அடங்கின. மாடு தொழுவத்திலேயே இருந்தது.

நல்லம்பள்ளிக்கு அருகேயுள்ள அதியமான்கோட்டையைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்குப் புறநானூற்றுச் செய்தி ஒன்று நினைவுக்கு வரும். தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவனுடைய படைக்கலங்கள் நெய் பூசி மாலை சூட்டி அழகாக வைக்கப்பட்டிருப்பதையும், அதியமானுடைய வேல்களோ நுனி சிதைந்து கொல்லனுடைய உலைக்களத்தில் கிடப்பதையும் ஒப்பிட்டுப் பேசினார். ஔவையார் இன்று வந்தால் சில துப்பாக்கிக் கடைகளின் கண்ணாடி அலமாரிகளைப் பற்றியும் ஏதேனும் சொல்லக்கூடும்.

ஆயினும் ஸ்கோப் வேண்டாத பொருள் என்று கருதிவிடாதீர்கள். மேசையின் மேல் மணல்பைகளில் துப்பாக்கியைத் தாங்கவைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் என்னும் போட்டி உலகில் பல நாடுகளில் நடைபெறுகிறது. அங்கே ஸ்கோப் இல்லாமல் முடியாது. அமெரிக்காவில் படுத்துச் சுடும் போட்டிகளிலும் எந்தக் குறிகாட்டியையும் பயன்படுத்தலாம் என்ற ஒரு பிரிவு உண்டு. அத்தகைய போட்டிக்குச் செல்பவன் எதைப் பார்த்து வாங்கவேண்டும்?

முதலில் எண்கள். 4-12×40 என்று பொறித்திருந்தால், காட்சியை 4 மடங்கு முதல் 12 மடங்கு வரை பெருக்கும், முன்கண்ணாடி 40 மில்லிமீட்டர் என்று பொருள். பத்து மடங்கில் வைத்தால் 50 மீட்டர் இலக்கு 5 மீட்டரில் நிற்பதுபோல் தோன்றும். அப்படியானால் நாற்பது மடங்கு இன்னும் நல்லதுதானே என்பீர்கள். முன்கண்ணாடியின் அளவை மடங்கினால் வகுத்துப் பாருங்கள். பத்து மடங்கில் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை 4 மில்லிமீட்டர் தடிமன். நாற்பது மடங்கில் வெறும் 1 மில்லிமீட்டர். காட்சி மங்கும்; கண்ணை ஒரு மயிரிழை நகர்த்தினாலும் முழுதும் இருண்டுவிடும். மேலும் இலக்கைப் பெருக்கும் கருவி உங்கள் நடுக்கத்தையும் சேர்த்தே பெருக்கிக் காட்டும். மணல்பையின் மேல் அசையாது கிடக்கும் துப்பாக்கிக்கு 36 அல்லது 40 மடங்கு பொருந்தும். கையில் தாங்கிச் சுடுபவன் அவ்வளவு பெருக்கத்தில் தன் நாடித்துடிப்பைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான்.

மடங்கைவிட முக்கியமான ஒன்றை வாங்குவோர் பெரும்பாலும் கேட்பதேயில்லை. அதுதான் இடமாறு தோற்றம். பௌதிக ஆய்வகத்தில் இரண்டு குண்டூசிகளை நேர்ப்படுத்தி, தலையை இடமும் வலமும் அசைத்து, அவை ஒன்றாக நகர்கின்றனவா என்று பார்த்திருப்பீர்கள். ஸ்கோப்பின் உள்ளேயும் அதே சங்கதிதான். முன்கண்ணாடி உண்டாக்கும் இலக்கின் பிம்பம், குறுக்குக்கம்பி இருக்கும் அதே தளத்தில் விழவேண்டும். விழாவிட்டால், கண் சற்று ஒதுங்கும்போது கம்பியும் இலக்கின் மேல் ஒதுங்கும். துப்பாக்கி அசையவில்லை, குறிமட்டும் மாறிவிட்டது!

எவ்வளவு மாறும் என்பதற்குக் கணக்கு எளியது. பெரிய வேட்டைத் துப்பாக்கிகளுக்கான ஸ்கோப்புகள் பலவும் 100 கெஜத்திற்கோ அதற்கு மேலோ சரிசெய்யப்பட்டவை. கணக்கின் வசதிக்காக 100 மீட்டர் என்று கொள்வோம். நாம் சுடுவதோ 50 மீட்டர். வேறுபாடு நூறில் பாதி. 40 மில்லிமீட்டர் முன்கண்ணாடியின் பாதி 20. இருபதில் பாதி 10 மில்லிமீட்டர். கண் விளிம்போரம் ஒதுங்கும்போது நேரக்கூடிய பெரும் பிழை இது. நடுவட்டத்தின் முழு அகலத்திற்குச் சமம். ஆகவே தூரத்திற்கு ஏற்பத் திருத்திக்கொள்ளும் வளையமோ பக்கத் திருகோ உள்ள ஸ்கோப்பையே வாங்கவேண்டும். வளையத்தில் 50 என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். குண்டு நிரப்பாத துப்பாக்கியை மணல்பையில் கிடத்தி, அதைத் தொடாமல் தலையைமட்டும் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கம்பி இலக்கின் மேல் ஊர்ந்தால் சற்றுத் திருகுங்கள். ஒட்டிவைத்ததுபோல் நிற்கும்வரை திருகுங்கள். நின்ற இடத்தில் ஒரு வண்ணக்கோடு இட்டுக்கொள்ளுங்கள்.

குறியை மாற்றும் திருகுகளில் ஒவ்வொரு சொடுக்கும் கால் கலை அல்லது அரைக்கால் கலை நகர்த்தும். ஐம்பது மீட்டரில் கால் கலை 3.6 மில்லிமீட்டர், அரைக்கால் கலை 1.8. இலக்குப் போட்டிக்கு இரண்டாவதே ஏற்றது. அது சொன்னபடி நகர்கிறதா என்று சோதிக்க ஒரே புள்ளியைக் குறிபார்த்து ஒரு குண்டு சுடுங்கள். பிறகு இருபது சொடுக்கு வலம், இருபது மேல், இருபது இடம், இருபது கீழ் என்று திருப்பி, ஒவ்வொரு முறையும் அதே புள்ளியைக் குறிபார்த்துச் சுடுங்கள். கடைசிக் குண்டு முதல் துளையின் அருகே வந்து சேராவிட்டால் அந்த ஸ்கோப்பைக் கடைக்காரரிடமே சேர்ப்பித்துவிடலாம்.

பொருத்துவதில் கொத்தனார் நமக்கு ஆசான். 0.22 குண்டு ஏறக்குறைய 2.6 கிராம் எடையுடையது. ஒலியைவிடச் சற்றுக் குறைந்த வேகத்தில் செல்வது. ஐம்பது மீட்டரைக் கடக்க ஒரு வினாடியில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான நேரமாகிறது. அதற்குள் பூமி அதனைச் சுமார் 12 சென்டிமீட்டர் கீழே இழுத்துவிடுகிறது. இதற்காகவே குழலைச் சற்று மேல்நோக்கி வைக்கிறோம். துப்பாக்கி பக்கவாட்டில் 5 பாகை சாய்ந்தால், அந்த ஏற்றத்தில் ஒரு பகுதி பக்கமாகத் திரும்பி, குண்டு சுமார் ஒரு சென்டிமீட்டர் விலகிப்போகும். ஆதலால் ரசமட்டம் வைத்துத் துப்பாக்கியை நேராக்கி, எதிரே ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, ஸ்கோப்பின் செங்குத்துக் கம்பி அந்த நூலோடு ஒன்றும்படி வைத்தபின்னரே வளையங்களை முடுக்கவேண்டும். முரட்டுத்தனமாக முடுக்கினால் குழாய் நசுங்கும்.

எந்த ஸ்கோப்பும் காற்றைத் தடுக்காது. தொப்பூர்க் கணவாய்ப் பக்கத்துக் காற்றை அறிந்தவர்களுக்கு இதைச் சொல்லவேண்டியதில்லை. மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று, இந்தச் சிறு குண்டை 50 மீட்டருக்குள் 2 சென்டிமீட்டருக்கும் மேல் தள்ளிவிடும். பத்தாக வேண்டியது எட்டாகவோ ஏழாகவோ போய்விடும். நம் சித்திரை மாதத்துக் கானலோ இலக்கையே நீரில் மிதக்கும் தாமரை இலைபோல் ஆடச் செய்யும். மடங்கு கூடக்கூட ஆட்டமும் கூடும். வெயிலேறியபின் மடங்கைக் குறைத்துக்கொள்வது நலம். விடிந்ததும் சுடத் தொடங்குவது அதைவிட நலம்.

இங்கேதான், துப்பாக்கியில் பொருத்தாத தொலைநோக்கி ஒன்று நமக்கு உதவுகிறது. மின்னணு இலக்கு இல்லாத களங்களில், தாளில் விழுந்த 5.6 மில்லிமீட்டர் துளையை வெறுங்கண்ணால் காண இயலாது. தாங்கியின் மேல் நிறுத்திய, 20 முதல் 30 மடங்கு வரையுள்ள ஸ்பாட்டிங் ஸ்கோப் அதைக் காட்டிவிடும். கண்வில்லை சாய்ந்திருப்பதாகப் பார்த்து வாங்கினால், படுத்திருப்பவன் தன் நிலையைக் குலைக்காமல் தலையைச் சற்றுத் திருப்பியே பார்த்துக்கொள்ளலாம். இலக்குக்குச் சற்று முன்னதாகக் குவியத்தை வைத்துப் பார்த்தால் கானல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது தெரியும். அதுவே காற்றின் திசை. ஒரு பள்ளியோ சங்கமோ இப்படி ஒன்று வாங்கினால் இருபது பேர் மாறிமாறிப் பயன்படுத்தலாம். என்னிடம் யோசனை கேட்கும் பள்ளிகளுக்கு நான் இதைத்தான் சொல்லிவருகிறேன்.

0.22 ரைபிள் வைத்திருக்க 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். மாணவர்கள் மாணவர் படையிலோ ரைபிள் சங்கத்திலோ, பயிற்றுநர் முன்னிலையிலேயே பழகவேண்டும். துப்பாக்கியில் பொருத்திய ஸ்கோப்பால் சாலையையோ மனிதரையோ வேடிக்கை பார்ப்பது கூடவே கூடாது. நீங்கள் பார்க்கும் திசையிலேயே குழலும் பார்த்துக்கொண்டிருக்கிறது. சூரியனை எந்தத் தொலைநோக்கியாலும் பார்க்காதீர்கள்.

கண்ணாடியில் தூசி படிந்தால் வேட்டி முனையால் துடைக்கும் பழக்கம் நம்மவர்க்கு உண்டு. தூசியிலுள்ள மணற்பொடி அதன் மேற்பூச்சைக் கீறிவிடும். முதலில் மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டிவிட்டு, அதன் பின்னரே வில்லைக்குரிய மென்துணியால் துடைக்கவேண்டும். மழைக்காலத்தில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் பெட்டிக்குள் இட்டு மூடிவையுங்கள். இல்லையேல் கண்ணாடியில் பூஞ்சை பிடித்துவிடும்.